விபூதிப் புதனுக்கு முந்தின மறதி

விடிந்ததும் விடியாததுமாகத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சாராயப் போத்தல் வந்து உட்கார்ந்தது. கொழும்பிலிருந்து லீவில் வந்த மகன் றொபின்சன்தான் வைத்தான்.

"அப்பாவுக்கு ஒரு மூடி குடுங்கம்மா. போன்ல வந்திருக்கு. அளவாக் குடிக்கிறவங்களுக்கு மறதி கொறைவாம். குடிக்காதவங்களுக்குத்தான் கூடவாம்."

சூசையம்மா போத்தலை எடுத்து விறகுக்குப் பின்னால் வைத்தாள்.

"அதானே... நேர்த்தின்னு சொல்லித் தவக்காலத்துல அவரக் குடிய நிறுத்த வச்சீங்க. பாஸ்காத் திருநாள் முடிஞ்சு எல்லாரும் திரும்பத் தொடங்கினாங்க, அவர மட்டும் விடல. அந்த வருசமே மறதி. அப்பா மூளையக் காயப்போட்டது நீங்கதாம்மா."

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் இந்தப் பேச்சு புதிதல்ல. அந்தோனிமுத்து கங்காணி குடித்த காலத்தில், அவர் ஏப்பம் விட்டால் மேல்லயத்துக் கோழிகள் தள்ளாடும் என்பார்கள். அது மிகை, சேவல் மட்டும்தான் தள்ளாடியது. அப்பேர்ப்பட்டவரைப் பச்சைத் தண்ணிக்குக் கொண்டுவந்த பாவம் சூசையம்மாவின் தலையில். அவள் மறுத்ததே இல்லை. இப்போது கணவர் அவளை "நீங்க" என்கிறார். "தண்ணி தாங்க, புண்ணியமாப் போகும்" என்கிறார். ஒரு மூடியில் பழைய "ஏய் சூச" திரும்பி வருமென்றால் அவள் பீப்பாயையே உருட்டிக்கொண்டு வந்திருப்பாள்.

அன்று பதுளையில் கிளினிக். றொபின்சன் போனை நீட்ட, டொக்டர் ஷஹீலா கடைசிவரை வாசித்தார்.

"தம்பி, இதுல குடிக்காதவங்கன்னு சேர்த்த கூட்டத்துல, உடம்பு கெட்டுப்போய்க் குடிய விட்டவங்களும் இருக்காங்க. அவங்க பக்கத்துல நிறுத்தினா, குடிக்கிறவர் நல்லாத்தான் தெரிவார். கூடக் குடிச்சா மூளைக்குக் கேடு. கொஞ்சம் குடிச்சா காப்பாத்தும்ங்கிறதுக்கு உறுதியில்ல. அப்பாவுக்கு வேணாம். சரி, மறதி மொதல்ல எப்பத் தெரிஞ்சிச்சு?"

"குடிய விட்ட பொறகு," என்றான் றொபின்சன்.

சூசையம்மா முந்தானையைத் திருகினாள்.

"முன்னாடி, டொக்டர்."

"அம்மா..."

"விபூதிப் புதனுக்கு முந்தின வாரம், தவக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடியே. காலைப் பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்புடுறப்ப, செத்துப்போனவங்க பேரையெல்லாம் கூப்புட்டாரு."

செத்தவர்கள் வழக்கம்போல அன்றும் வேலைக்கு வரவில்லை. ஆனால் கங்காணி பதிலுக்குக் காத்து நின்றார்.

"சனம் சிரிக்குமுன்ன நான்தான் கொழுந்துக் கூடையோட நின்னு, 'வந்திருக்கேங்க'ன்னு கொரல் குடுத்தேன். அன்னைக்கே குடிய விடச் சொன்னேன். தவக்காலம் வந்திச்சு, எல்லாரும் நேர்த்தின்னு நெனச்சாங்க. நானும் அப்புடியே விட்டுட்டேன்."

"ஏம்மா எங்கிட்டகூடச் சொல்லல?"

"கங்காணிக்குப் புத்தி பெரண்டிருச்சும்பாங்கடா. பொஞ்சாதி கொடுமக்காரின்னா... அது அவருக்குக் கொறச்சல் இல்லியே."

றொபின்சன் அவள் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். "நான் பேசினதெல்லாம்... மன்னிச்சிருங்கம்மா." அவள் அவன் தலையைத் தடவினாள். டொக்டர் வேறு யாருடைய கார்டையோ மிகுந்த கவனத்தோடு படித்தார்.

றொபின்சன் மருந்து வாங்கப் போனான். வெளியே வாங்குப் பலகையில் அந்தோனிமுத்து தனியாக இருந்தார். சூசையம்மா எதிரே போய் நின்றாள்.

"பக்கத்துல ஒக்காரட்டுங்களா?"

அவர் நகர்ந்து, இடத்தைத் துண்டால் தட்டிவிட்டார்.

"ஒக்காருங்க. ஆனா எம் பொஞ்சாதி வந்துருவா. பொல்லாதவ, கண்டா ஏசுவா."

"ஏச மாட்டா," என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள்.