கம்சாயினியின் நான்காவது வாக்குறுதி

ஜேம்ஸ் போக் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? வெட்கப்படாதீர்கள், கம்சாயினிக்கும் தெரியாது. வகுப்பில் தொப்பிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு தலைவரின் பெயரை எடுத்தபோது அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. அமெரிக்காவின் பதினோராவது ஜனாதிபதியாம்.

பக்கத்தில் இருந்த குஷால் எட்டிப் பார்த்தான்.

"ஐயோ பாவம்! இந்த ஆளைப் பற்றி மூன்று நிமிடம் என்ன பேசப்போகிறாய்?"

பள்ளியில் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். உங்களுக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் உள்ள வீட்டுக்கு வந்து, நூலகப் புத்தகத்தை வேண்டாவெறுப்பாகத் திறந்தாள் கம்சாயினி. அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

போக்குக்குப் பதினேழு வயதில், சிறுநீர்ப்பையில் இருந்த கல்லை எடுக்க ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து அப்போது வழக்கத்திலேயே இல்லை. படித்ததும் அவள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பையன் வளர்ந்து ஜனாதிபதியானான். செய்து முடிக்க நான்கே வேலைகளை எடுத்துக்கொண்டான். ஒரு தடவைதான் பதவி, இரண்டாம் தடவை கேட்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். நான்கு ஆண்டுகளில் நான்கும் முடிந்தன. பதவியை விட்ட மூன்றே மாதத்தில் போக் இறந்துபோனார்.

மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையை முடித்துவிட்டு அப்பா யசீகரன் அப்போதுதான் உள்ளே வந்தார். ஆச்சரியம் வந்தால் கம்சாயினிக்குத் தமிழும் வந்துவிடும்.

"அப்பா! இந்த மனுசன் நாலு வருசத்தில சொன்னது எல்லாத்தையும் செய்திட்டார்!"

"நாலு வருசத்திலயோ? எங்கட ரோட்டில தோண்டின கிடங்கையே இன்னும் மூடேல்ல, பிள்ளை!"

"இதைப் பாருங்கோ. இது அவர் வர முன்னம். இது அவர் போகேக்க."

அப்பா இரண்டு வரைபடங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவதில் அமெரிக்கா பசிபிக் கடல்வரை நீண்டு கிடந்தது.

"அம்மாடி! இவ்வளவு இடமோ?"

"ஓம் அப்பா!"

இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

அடுத்த நாள் கம்சாயினி ஹேண்ட்பால் தலைவியானாள். தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, பந்தைக் கையால் தட்டி விளையாடுவது ஹேண்ட்பால். அவுட் ஆனவர் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். தலைவி பதவி நான்கு வாரத்துக்கு. நான்கு என்றதும் அவளுக்கு உடனே போக்தான் நினைவுக்கு வந்தார். விறுவிறுவென்று பெஞ்சின்மேல் ஏறினாள்.

"நான்கு வாரம், நான்கு வாக்குறுதி! அதற்குப் பிறகு நான் தலைவி இல்லை!"

முதல் வாரம், கூரையில் மாட்டியிருந்த பந்துகளைப் பள்ளிக் காவலாளியிடம் கெஞ்சி இறக்கினாள். வரிசையில் இடையில் புகுவது இரண்டாம் வாரத்தோடு நின்றது. மூன்றாம் வாரத்திலிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் விளையாட இடம் கிடைத்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: இரண்டாவது கட்டம். வேலியோரம், சிவப்பாகப் பூக்கும் போஹுட்டுகாவா மரத்தடியில் இடம் இருந்தது. தன் திட்டத்தாளில் அங்கே 'காலி இடம்' என்று எழுதிவைத்தாள்.

கடைசி வெள்ளிக்கிழமை மதியம் கட்டம் போடவேண்டும். அதன்பின் வகுப்பில் போக்கைப் பற்றிப் பேசவேண்டும். 'அவரைப் போலவே நானும் நான்கையும் முடித்தேன்' என்று பேச்சை முடிக்க ஆசையாசையாக இருந்தாள். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

மரத்தடிக்குப் போனால், முதலாம் வகுப்பு ஷைனல் கையை விரித்துக்கொண்டு வழியில் நின்றாள்.

"மிதிக்காதே! பஸ் வருகிறது!"

"எங்கே பஸ்?"

"குனிந்து பார்."

கம்சாயினி முழங்காலிட்டுக் குனிந்தாள்.

அங்கே ஓர் ஊரே இருந்தது. மரப்பட்டையில் வீடுகள், உதிர்ந்த சிவப்புப் பூவிழைகள் பரப்பிய தெருக்கள். வேர்களுக்கு நடுவே ஐஸ்கிரீம் குச்சிகளால் ஒரு பாலம். டப்பா மூடியில் விமான நிலையம். ஒரு வீட்டு வாசலில் அரிசி அளவுக்குச் சின்னச் சின்னச் சப்பாத்துகள்கூடக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

"இதையெல்லாம் எப்போது செய்தீர்கள்?"

"பிப்ரவரியில் ஆரம்பித்தோம்," என்றாள் ஷைனல். "இன்னும் ஆஸ்பத்திரி கட்டவில்லை."

நான்கு வாரமாகத் தினமும் அந்தப் பக்கம் பார்த்தவள் கம்சாயினி. நின்றபடியே பார்த்திருக்கிறாள். அவளுக்கு முகம் சூடாகிவிட்டது.

குஷால் சாக்கட்டியோடு ஓடி வந்தான். "சீக்கிரம்! மணி அடிக்கப்போகிறது!"

"இங்கே கட்டம் போடவேண்டாம்."

"விளையாடுகிறாயா? நாலாவது வாக்குறுதி என்ன ஆவது? உன் பேச்சு என்ன ஆவது?"

கம்சாயினிக்கு அழுகை வந்தது. நான்கில் நான்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஷைனல் இன்னும் கையை விரித்தபடியே நின்றாள்.

"இது காலி இடம் இல்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. குனிந்து பார், குஷால்."

முணுமுணுத்துக்கொண்டே குனிந்தான். விரலால் ஒரு குச்சியை மெல்லத் தொட்டுப் பார்த்தான்.

"ஏய், இந்தப் பாலம் விழாமல் எப்படி நிற்கிறது?" என்றான்.

மணி அடித்ததும் கம்சாயினி வகுப்புக்கு ஓடி, புத்தகத்தை மறுபடி எடுத்தாள். வரைபடத்தின் அழகில் மயங்கி அவசரமாகத் தாண்டிவிட்ட பக்கங்களைத் தேடிப் படித்தாள். தன் முறை வந்ததும் எழுந்து, போக்கின் அறுவைச் சிகிச்சையைச் சொன்னாள். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நான்கு வேலைகளையும் சொல்லி இரண்டு வரைபடங்களையும் தூக்கிக் காட்டியபோது "வாவ்!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"எனக்கும் அப்படித்தான் இருந்தது," என்றாள் கம்சாயினி. "ஆனால் அந்த இடம் காலியாக இருக்கவில்லை. அங்கே பழங்குடி மக்கள் இருந்தார்கள். நிறைய நிலம் மெக்சிகோவினுடையது. போர் செய்துதான் அதை எடுத்தார். அவர் வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள்."

சொல்ல ஆசைப்பட்டிருந்த கடைசி வரியை மனதுக்குள் அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போக் நான்கு வேலைகளை எடுத்தார், நான்கையும் முடித்தார். நான் நான்கு வாக்குறுதி கொடுத்தேன், மூன்றை முடித்தேன்."

மூன்று என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம்கூடத் தாழவில்லை.