பியூலா அக்காவின் ஜெபக்குறிப்பு

மத்தியான ரயிலில் கேஜிஎஃப்பின் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி, லவினா அந்தப் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் பச்சைக் கதவைத் திறந்தாள். உள்ளே கரப்பான்பூச்சி வாடை. தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வந்த தூசி தரையெல்லாம் மாவு போலக் கிடந்தது. வேறு பெயர் சொல்லி வாடகைக்குப் பிடித்த வீடு. பெங்களூரில் அவள் மணிக்கட்டை முறுக்கிய கணவன் ஷெர்வினுக்கு இந்த இடம் தெரியக்கூடாது. தெரிந்தால் இந்த முறை கையை முறுக்குவதோடு நிறுத்தமாட்டான்.

அழுகைகூட வரவில்லை. எல்லாம் மரத்துப் போயிருந்தது.

போனில் லொகேஷனை அணைத்திருந்தாள். எல்லா குரூப்பிலிருந்தும் வெளியேறியிருந்தாள், சபையின் ஜெபக் குரூப்பைத் தவிர. அதை விட்டால் பாஸ்டரம்மாவுக்குத் தெரியும். பாஸ்டரம்மாவுக்குத் தெரிந்தால் கேஜிஎஃப் முழுக்கத் தெரியும். யாருக்குக் கட்டி, யார் வீட்டில் சண்டை, எல்லாமே அதில் பெயரோடு ஜெபக்குறிப்பாக வரும். குரூப்பை நடத்திய பியூலா அக்கா ஈஸ்டருக்கு முன்பு இறந்துபோனாள். அவள் நம்பரைக் குரூப்பிலிருந்து நீக்க யாருக்கும் மனம் வரவில்லை.

போன் அதிர்ந்தது.

பியூலா அக்கா: ‘கோரமண்டலில் தனியாக இருக்கும் லவினாவுக்காக ஜெபியுங்கள். கை வீங்கியிருக்கிறது. காலையிலிருந்து சாப்பிடவில்லை.’

ஆமென், ஆமென் என்று வரிசையாக விழுந்தது. அனுப்பியது யார் என்று ஒரு புண்ணியவானும் பார்க்கவில்லை.

லவினா, பியூலாவின் கணவர் டக்ளஸைப் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணா, அக்கா போன் யார்கிட்ட இருக்குது?”

“இன்னாம்மா கேக்குற? பைபிளோட அதையும் பெட்டியில வெச்சிதானே அடக்கம் பண்ணோம்.” அவர் குரல் தாழ்ந்தது. “மெசேஜ் வர்றது எனக்கும் தெரியும். நிறுத்தச் சொல்ல மனசு வரலைம்மா. அவ இருக்கிற மாதிரியே இருக்குது.”

மறுபடி அதிர்ந்தது.

‘சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது லைன். பச்சைக் கதவு. ஜன்னல் கொக்கி விழாது.’

லவினா ஜன்னலைப் பார்த்தாள். கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

நாற்பத்தொரு ஆமென்.

கடைசி ஆமென், அதே சபைக்காரனான ஷெர்வினுடையது. கீழே ஒரு வரி: ‘கிளம்பிட்டேன்.’

போனை அந்தத் தூசியிலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள். பங்காருபேட்டையில் ரயில் மாறிக் குப்பம் பக்கம் போய்விடலாம். பெட்டியில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இப்போது அவளிடம் ஒன்றுமே இல்லை. அதில் சின்ன நிம்மதிகூட இருந்தது.

ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், பக்கத்துப் பெட்டியிலிருந்து சபையைச் சேர்ந்த ரெபேக்கா அக்கா போனைப் பார்த்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் பாசம்.

“இங்கதான் இருக்கியா! மூணாவது பெட்டி, ஜன்னலோரம்னு இப்பதாம்மா குறிப்பு வந்துச்சு. எல்லாரும் ஜெபிச்சினே இருக்கோம்.”

லவினா எழப் பார்த்தாள்.

“இனிமே உனக்கு பயமில்லம்மா,” என்று ரெபேக்கா அக்கா அவள் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடினாள். “உங்க வீட்டுக்காரர் பங்காருபேட்டைல வந்து நிக்கிறாராம்.”