மெழுகு நூல்

தகரப் பெட்டியைத் திறந்தபோது அந்துருண்டை வாசனை வரவில்லை. அதுதான் லோகநாயகிக்கு முதலில் உறுத்தியது. லாஃப்டில் ஏற்றி இருபது வருடமாவது இருக்கும், மூடியெல்லாம் துரு. ஆனால் உள்ளே சேவலின் கழுத்துத் தோல், இறகு ஒன்றுகூட உதிராமல், இன்று காலைதான் உரித்தது போல லேசான கவிச்சியோடு மினுமினுத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு.

மேலே புழுக்கம், அதனால்தான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் அவள் பூச்சி கட்டினாள். சின்னத் தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் வைத்து நூலால் சுற்றி, நிஜ ஈ போலவே செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். மீன் அதை இரையென்று நம்பிக் கவ்வும். கம்பெனியை மூடியபோது மிச்சச் சாமானை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். மறந்தே போயிருந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மகள் பவித்ராதான் கிளப்பிவிட்டாள்.

"எம்மா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மீன் புடிக்கப் போறவரு. நீ கட்டுவேன்னு சொன்னதும் வாயப் பொளந்துட்டாரு. சும்மா டிவி பாத்துகினு குந்தினு இருக்கறதுக்கு ரெண்டு கட்டிக் குடேன்."

"கண்ணே சரியா தெரியலடி எனக்கு."

"கைக்குத் தெரியும்ல?"

கைக்குத் தெரிந்தது. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டு, மேனாம்பேடு முழுக்கக் கரண்ட் போய், வீடே சாயங்காலம் போல மங்கியிருக்க, ஜன்னலோர மேசையில் முள்ளைப் பிடிக்கும் இடுக்கியைத் திருகிப் பொருத்தி, முள்ளை மாட்டி, மெழுகு நூலை இழுத்ததும் விரல்கள் தாமாகவே ஓடின. வெளியே தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஆட்டோ. சன்ஷேடில் கொட்டும் மழை. அதற்கெல்லாம் அடியில், தலைக்கு மேலே எங்கோ, மிகப் பெரிய எதுவோ நிதானமாக மூச்சு விடுவது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். நின்றுபோன மின்விசிறி. அதற்கு மேல் இருட்டு. கூரை இருக்கவேண்டிய உயரத்தைத் தாண்டியும் இருட்டு.

போதும், எழுந்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தாள். நூல் அறுபடவில்லை. பல்லால் கடித்தாள். மெழுகு நாக்கில் உப்பாகக் கரித்தது, நூல் அப்படியே இருந்தது. அடுத்த சுற்று முள்ளோடு சேர்த்து அவள் ஆள்காட்டி விரலையும் சுற்றியது.

சுற்றியது அவளுடைய வலது கைதான். நிறுத்தச் சொன்னாள். நிற்கவில்லை.

விரல். மணிக்கட்டு. முழங்கை. இறுக்கமாக, பிசிறில்லாமல், அவள் பழகிய அதே நேர்த்தியில். இறகுகள் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்து தோளில் படிந்தன. எழ முயன்றாள். நாற்காலி இல்லை. முதுகுக்குப் பின்னால் தூண்டில் முள் போல வளைந்த, குளிர்ந்த இரும்பு மட்டும்.

நூலின் மறுமுனை மேலே போனது. இருட்டுக்குள்.

வாசலில் வண்டி நின்றது. கேட் கிரீச்சிட்டது.

வராதே. வராதேடி. கத்தினாள். உதட்டுக்கு மேலும் நூல்.

கதவு திறந்தது. மழைக்கோட்டு சொட்டச் சொட்ட பவித்ரா.

"எம்மா, இன்னா இருட்டுல குந்தினு..."

நின்றாள். செல்போன் வெளிச்சம் லோகநாயகியின் மேல் விழுந்தது. பச்சை. தங்கம். செம்பழுப்பு.

"எம்மா..." குரல் குழைந்தது. "எவ்ளோ அழகா கீறே."

லோகநாயகி தலையை அசைக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணால் கெஞ்சினாள்.

பவித்ராவின் கையிலிருந்து செல்போன் நழுவியது. அவள் குனியவில்லை. இமைக்கவும் இல்லை. கண்கள் வட்டமாக விரிந்தன. வாய் மெல்லத் திறந்து மூடியது. மறுபடி திறந்தது. ஈரக் காலோடு ஓரடி எடுத்து வைத்தாள்.

மேலே யாரோ நூலை லேசாகச் சுண்டினார்கள்.

லோகநாயகியின் கை உயர்ந்து, வா வா என்று ஆடியது.