நான்கு மணிக்கு வந்தவர்

மதிய ஷிப்டுக்கு நான் போனபோது டயாலிசிஸ் அறையில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. ஏசிக் குளிர், பிளீச்சிங் வாடை, மெஷின்களின் உறுமல். நான்காம் படுக்கை மட்டும் காலி. ராஜமாணிக்கத்தின் படுக்கை. அவர் செத்து இரண்டு நாள்.

கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்தவர். ஊசி குத்த நான் வந்தால்தான் கையை நீட்டுவார்.

"உங்க வீட்லயே மொதல் டிகிரி நீதான். படிச்சதே என்னைக் குத்தறதுக்குத்தானா?" என்பார்.

முந்தாநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணிக்கு வர வேண்டியவர், வீங்கிய காலோடு நடந்து நான்கு மணிக்கு வந்து நின்றார். படுக்கை காலியாகத்தான் இருந்தது. மெஷினில் ஏற்றினால் முடிய எட்டு ஆகும். ஆறு மணிக்கு மேல் எனக்கு ஊருக்குப் பஸ் கிடைக்காது.

"லேட்டு. நாளைக்கு வாங்க."

"மூச்சு வாங்குதும்மா."

"அவ்ளோ தூரம் நடந்தா வாங்கத்தான் செய்யும். நாளைக்கு வாங்கண்ணா."

"சரி கலெக்டரம்மா," என்று சிரித்துவிட்டுத் திரும்பினார்.

அன்றிரவே போய்விட்டார். 'நோயாளி தாமதமாக வந்தார்' என்று எழுதி வைத்தேன். பொய்யில்லை. இரண்டு ஆள் வேலையை ஒருத்தி தலையில் கட்டிய நிர்வாகம் அதைப் படித்துத் தலையாட்டியது. எல்லோரும் தப்பித்துக்கொண்டோம்.

மணி நான்கு.

வாடை வந்தது. சிறுநீரகம் செத்தவர்களின் மூச்சில் அடிக்கும் மூத்திர நெடி.

"வினோதினி." மூன்றாம் படுக்கை மெஹ்ருன்னிசா அக்கா மெதுவாகக் கூப்பிட்டார். மூன்று வருடமாக ராஜமாணிக்கத்துக்குப் பக்கத்துப் படுக்கை. "ராஜமாணிக்கம் அண்ணன் வாசல்ல நிக்கிறாரு. ஏன் உள்ள விட மாட்டேங்கற?"

"அவரு செத்துட்டாருக்கா."

"எனக்குத் தெரியாதா? நேத்து சாவுக்குப் போய்ட்டு வந்தவ நான். அவருக்குத்தான் தெரியல போல." அக்கா குரலை இன்னும் தாழ்த்தினார். "நீதான நாளைக்கு வாங்கன்னு சொன்ன. நேத்து நீ லீவு, இன்னிக்கு வந்துட்டாரு."

வாசலைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கண்ணாடியில் மட்டும், ஓர் ஆளின் வாய் உயரத்தில், ஆவி படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

வேகவேகமாக.

"போகச் சொல்லிடாத," அக்கா முணுமுணுத்தார். "ரொம்ப ஜாஸ்தியா மூச்சு வாங்குது அவருக்கு."

ஒரு வார்த்தை சொன்னால் திரும்பிப் போய்விடுவார். சொன்னதைக் கேட்கிற மனுஷன். அதனால்தான் செத்தார்.

கதவைத் திறந்தேன்.

"உள்ள வாங்கண்ணா."

ஈரக் குளிர் ஒன்று என் தோளை உரசிக்கொண்டு போனது. நான்காம் படுக்கையின் விரிப்பு, ஆள் உட்கார்ந்த மாதிரி மெல்ல அமுங்கியது.

நான் ஓடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் கன்னம் நனைந்திருந்தது.

ஊசி குத்துவதற்கு முன்னால், கையில் நரம்பு புடைத்திருக்கும் இடத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்போம். ரத்தம் ஓடினால் உள்ளே வண்டை அடைத்து வைத்த மாதிரி அதிரும். உயிருள்ள கையில் மட்டும்தான்.

அவருடைய இடது கை கிடக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்றில் விரலை வைத்தேன்.

அதிர்ந்தது.