பொங்காத மூடி

திங்களும் வியாழனும் மட்டும், காலை ஒன்பது மணிக்கு மேல் தெருவில் சாக்கடை பொங்குகிறது. மற்ற நாட்களில் இல்லை. ஏன் என்று அங்கே ஆறு வீட்டுக் கட்டடத்தில் குடியிருக்கும் சௌந்திரத்துக்குப் புரியவில்லை.

"போன வியாழக்கிழமை எங்க மாடி ஊட்டுப் பொண்ணுக்கு மோகனூர்ல கல்யாணமுங்க. ஆறு குடும்பமும் அங்கதான். ஊடு பூட்டிக் கிடந்துச்சு. அன்னைக்கும் பொங்கியிருக்கு. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

எதிரே அமர்ந்து கேட்ட மஞ்சுளா, பாதாளச் சாக்கடைக் குழாய்களோடு முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாகக் கணவர் அன்பரசு. அவருக்குப் பொறுமை கிடையாது.

"ஆறு குடும்பமும் ஒரே நேரத்துல குளிச்சா பொங்கத்தானே செய்யும்?"

"பூட்டிக் கிடந்த ஊட்டுல யாருங்க குளிச்சது?" என்றார் மஞ்சுளா. அன்பரசு எழுதியதை அடித்தார்.

சூரமங்கலத்தில் ஒரே ஒரு பழைய வீடு இருந்த மனை அது. ஆறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, மூன்று தளங்களில் ஆறு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். எல்லோருக்கும் ரயில்வே ஜங்ஷன் பக்கம் வேலை. நடந்தே போய் வரலாம். அடுத்த வீட்டுக் கலையரசனுக்கு ஒரே மனையில் ஆறு குடும்பம் இருப்பது பிடிக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போட்ட குழாய் ஆறு வீடுகளைத் தாங்காது, இணைப்பைத் துண்டியுங்கள் என்று மாநகராட்சியில் மனுக் கொடுத்துவிட்டார். நாளை வியாழக்கிழமை. பொறியாளர் நேரில் வந்து முடிவு சொல்கிறார்.

"நாலு குடும்பத்தை அனுப்பிட்டா மனுவைத் திருப்பி வாங்கிக்கறாராம். ஒருத்தரையும் அனுப்ப மாட்டேனுங்க. அஞ்சு வருசமா கட்டின ஊடு" என்றார் சௌந்திரம்.

மறுநாள் எட்டரைக்கே மஞ்சுளா தெருவை நடந்து பார்த்தார். தெரு மேற்கிலிருந்து கிழக்கே சரிந்தது. மேட்டில் கலையரசன் வீடு; வாசலில் சாக்கடைக் குழியின் முதல் மூடி. அதைச் சுற்றி, திங்கட்கிழமை பொங்கியது அப்பளம் போல வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவர் மாடிக் கொடிகளில் வரிசை வரிசையாக வெள்ளை வேட்டிகள். கீழே, ஆறு வீட்டு வாசலில் இரண்டாவது மூடி.

ஒன்பதே காலுக்கு முதல் மூடி பொங்கியது. பொறியாளர் சண்முகப்பிரியாவும் வந்து சேர்ந்தார். மொடமொடவென்ற வேட்டி சட்டையில் கலையரசன் வெளியே வந்தார்.

"பாருங்க மேடம். ஒரு மனையில ஊரையே குடிவெச்சா இப்படித்தான்."

"எங்களைச் சொல்றதுக்கு முந்தி எங்க மூடியைத் திறந்து பாருங்க" என்றார் சௌந்திரம்.

இரண்டாவது மூடியைத் திறந்தார்கள். அடியில் விரற்கடைத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும்" என்று மஞ்சுளா நிதானமாகத் தொடங்கினார். "ஆறு ஊட்டுத் தண்ணியும் இந்த ரெண்டாவது மூடிக்குத்தான் வருது. இதுக்குக் கீழ அடைச்சிருந்தா, பள்ளத்துல இருக்கற இதுதான் முதல்ல பொங்கணும். இது பொங்கல. அப்போ அடைப்பு ரெண்டு மூடிக்கும் நடுவுல. அந்தத் துண்டுக்குள்ள இவங்க தண்ணி ஒரு சொட்டுக்கூடப் போகாது."

"அப்ப அடைச்சது யாரு?" அன்பரசுவுக்குத் தாங்கவில்லை.

மஞ்சுளா முதல் மூடிக்குத் திரும்பி, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை அதன் ஓரத்தில் காய்ந்திருந்த வெள்ளைப் பொருக்கில் இரண்டு சொட்டு விட்டார். பழுப்பு மருந்து கருநீலமானது.

"மாவு இருந்தாத்தான் இந்த நிறம் வரும். இது ஜவ்வரிசிக் கஞ்சி. சூடா ஊத்தினா தண்ணியாட்டம் ஓடும். குழாய்க்குள்ள ஆறினதும் அல்வாவாட்டம் உறைஞ்சுக்கும். ஏனுங்க கலையரசன், திங்களும் வியாழனும் உங்க ஊட்டுல என்ன நடக்குது?"

அன்பரசு மாடியை அண்ணாந்து பார்த்தார். "ஊட்டுல ஒரே ஆம்பளை. கொடியில நாப்பது வேட்டி!"

"அந்த ரெண்டு நாளும் ரெண்டு கடை வேட்டிக்குக் கஞ்சி போட்டுத் தர்றேனுங்க" என்றார் கலையரசன், குரல் இறங்கி. "மிச்சத்தைத்தான் ஊத்தறேன். அது அடைக்கும்னு தெரியாதுங்க."

"தெரியாம ஊத்தினது நீங்க. ஊட்டை விட்டுப் போகச் சொன்னது எங்களை" என்றார் சௌந்திரம். "எங்களுக்குப் பக்கத்துல இருக்கற காலி மனையிலயும் இதே மாதிரி ஆறு ஊடு வரும். அதுக்கும் மனுப் போடுங்க, பார்க்கலாம்."

சண்முகப்பிரியா மனுவின் மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, "இனி என்ன செய்யலாம்?" என்று மஞ்சுளாவைக் கேட்டார்.

"ரெண்டு மூடிக்கும் நடுவுல இருக்கற அடைப்பை இன்னைக்கே எடுத்துடுங்க. இவரு கொல்லையில ஒரு தொட்டி கட்டி, கஞ்சியை அதுல ஆற விடட்டும். உறைஞ்சதை வாரிக் குப்பை வண்டியில போடணும். தெளிஞ்ச தண்ணி மட்டும் குழாய்க்கு. ஆறு குடும்பமும் இங்கயே இருக்கட்டும்."