மஞ்சளாய் வந்த ஐந்து பற்கள்

"எங்க வீட்டுக்குள்ளேயே ஒரு கை கெடுக்குது. யார் கைன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்."

வந்தவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கைக்குட்டையைப் பிரித்து ஐந்து பீங்கான் பற்களைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்தார். செயற்கைப் பல் செய்யும் பட்டறை ஒன்றின் மூத்தவர் அவர். மருத்துவர்கள் போனில் அனுப்பும் படத்தைப் பார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒத்துப்போகும் பல் செய்வது அந்தக் குடும்பத்தின் தொழில். நிறம் பார்ப்பவர் தம்பி. மூன்று தலைமுறையாக ஒரு பல்கூடத் திரும்பி வந்ததில்லை. இந்த மாதம் ஐந்து வந்துவிட்டன. ஐந்தும் மஞ்சள்.

"யார்மேல சந்தேகம்?"

"தம்பி பொண்டாட்டிமேல. அவ அப்பாவுக்கும் இதே தொழில். எங்க பேர் கெட்டா அவருக்குத்தானே கொண்டாட்டம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியலைன்னா, ரெண்டு பேரும் தனியா போயிடுங்கன்னு சொல்லிட்டேன்."

உதவியாளர் சிட்டுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "போட்டோவை மாத்தியிருப்பாங்க சார். கேஸ் முடிஞ்சுது."

"முடியட்டும். முதல்ல தொடங்குவோம்" என்றார் துப்பறிவாளர்.

பட்டறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தம்பியும் அவர் மனைவியும் அங்கே இருந்தார்கள். மேசைமேல் ஒரு மரப்பெட்டி. அதற்குள் வெள்ளை விளக்கு. பல நிற மாதிரிப் பற்களை அதற்குள் வைத்து, போனில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுத்தான் தம்பி நிறம் பார்ப்பார். பெட்டிக்கு வெளியே, ஜன்னலோரமாய் ஒரு தாங்கியில் போன். ஜன்னலில் ஆரஞ்சு நிறத் திரைச்சீலை சுருட்டிக் கட்டியிருந்தது. நோட்டில் ஒவ்வொரு பல்லுக்கும் நிறம் பார்த்த தேதி, நேரம் எல்லாம் இருந்தன.

"மாதிரிப் பல் ஒவ்வொண்ணுக்கும் நிற நம்பர் இருக்குமே, எழுதுறதில்லையா?"

"மத்தவங்க டாக்டர்கிட்ட நம்பர் கேட்டு வாங்குவாங்க" என்றார் மூத்தவர், முதுகை நிமிர்த்தி. "எங்க வீட்டுல கண்ணுதான் நம்பர்."

சிட்டு மருத்துவர்களுக்குப் போன் போட்டு, அவர்கள் அனுப்பிய ஐந்து படங்களையும் தம்பி போனில் இருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாடிய முகத்தோடு வந்தாள். "படம் எதுவும் மாறலை சார்."

துப்பறிவாளர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "திரும்பி வந்த அஞ்சுக்கும் நிறம் பார்த்தது மூணு மணிக்கு மேல. காலையில பார்த்தது ஒண்ணுகூட வரலை. மூணு மணிக்கு இங்க என்ன நடக்கும்?"

"வெயில் இவர் முகத்துல அடிக்கும்" என்றாள் தம்பி மனைவி. "நான் திரையை இறக்கிவிடுவேன்."

"பார்த்தீங்களா?" என்றார் மூத்தவர்.

"பொறுங்க. திரை எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா" என்றாள் அவள்.

"அப்போ ரெண்டு வருஷமா மஞ்சளாத்தானே வந்திருக்கணும்? இந்த மாசம் புதுசா வந்தது எது?"

தம்பி தயங்கினார். "போன்தான். அண்ணன் ஆசையா வாங்கிக் கொடுத்தது."

மணி மூன்றானதும் துப்பறிவாளர் எல்லோரையும் மேசையருகே நிற்க வைத்தார். போனில் ஒரு வெற்று வெள்ளைப் படத்தைத் திறந்து தாங்கியில் வைத்துவிட்டு, திரைச்சீலையை இறக்கினார். ஆரஞ்சு வெளிச்சம் போனின் முகத்தில் விழுந்தது. போன் திரையின் வெள்ளை மெல்ல மெல்ல மஞ்சளானது. பெட்டிக்குள் இருந்த பற்கள் அப்படியே இருந்தன.

"சுத்தி இருக்கிற வெளிச்சத்துக்கு ஏத்தபடி, போன் தன் திரையோட வெள்ளையைத் தானா மாத்திக்கிற வசதி இது. பழைய போன்ல இருந்திருக்காது. போன்ல பல் மஞ்சளாத் தெரிஞ்சுது. தம்பி கண்ணு அதைச் சரியாப் பார்த்து, மஞ்சளாவே எடுத்துது. டாக்டர் சொல்ற நம்பரோட ஒப்பிட்டு எழுதியிருந்தா முதல் பல்லுலயே முழிச்சுக்கிட்டிருப்பீங்க."

"அப்போ அந்த வசதி மோசமா சார்?" என்றாள் சிட்டு.

"படிக்கிறவங்களுக்கு இதம். வீட்டுல இருக்கட்டும். நிறம் பார்க்கிற மேசையில அணைச்சிடணும்."

அணைத்தார். ஆரஞ்சு வெளிச்சத்திலும் போன் திரையில் வெள்ளை திரும்பியது.

மூத்தவர் திரைச்சீலையை மேலே தூக்கிக் கட்டினார். பிறகு திரும்பி, தம்பி மனைவியிடம் சொன்னார்: "நான் சொன்னது தப்பும்மா. யாரும் எங்கேயும் போக வேண்டாம். டாக்டர்கிட்ட நம்பர் கேட்டு நோட்டுல எழுது."

"சரி மாமா."

அவர் ஒரு முக்காலியை இழுத்துத் தம்பியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையைப் பிரித்தார். "அஞ்சும் திரும்பச் செய்யணும். முதல் படத்தைக் காட்டுடா."

"மாமா, வெயில் உங்க முகத்துல அடிக்குது. திரையை இறக்கட்டுமா?"

"இறக்கும்மா" என்றார்.