நெற்றிக் குழி

"அந்த எலும்பை வெளியில எடுங்க, டாக்டர்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வரும் வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது மேசைக்குக் கீழே அம்மாவின் நகங்கள் அவள் மணிக்கட்டில் பதிந்தன.

டாக்டர் ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கு? அருமையா ஒட்டியிருக்கு. காய்ச்சல் இல்ல, சீழ் இல்ல."

"அது என் தம்பியோடது இல்ல."

சின்ன அறை. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். மழித்த தலையின் இடப்பக்கம், காதருகே தொடங்கி நெற்றிவரை, லாடம்போல வளைந்த தழும்பு.

அவனும் அவன் கூட்டாளியும் ஒரே ஸ்கேட்போர்டில் ஏறி, கேட் போட்ட பிறகும் ரயில் பாதைச் சரிவில் பாய்ந்தார்கள். கடைசிப் பெட்டியின் ஓரம் இருவரையும் வீசியெறிந்தது. வீங்கிய மூளைக்கு இடம்விட, இருவர் மண்டையோட்டிலும் இடப்பக்கத் துண்டைக் கழற்றி ஒரே குளிர்பெட்டியில் வைத்தார்கள். கூட்டாளி பிழைக்கவில்லை. ஒரு துண்டை அவனுக்கு வைத்துத் தைத்து, புதைக்கக் கொடுத்தார்கள். தம்பி தேறியதும், மிச்சமிருந்த துண்டு அவனுக்கு.

மிச்சமிருந்தது.

முதலில் உறுத்தியது சின்ன விஷயம்தான். வீட்டுக்கு வந்த அன்று தம்பி, "அக்கா, தண்ணி குடுங்க" என்றான். பேசத் தொடங்கியதிலிருந்து அவன் அவளை அக்கா என்றதில்லை. "ஏய் பட்டதாரி"தான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்ற பெருமையையும் நக்கலையும் அந்த ஒரு சொல்லில் குழைத்து வைத்திருந்தான். வாசலிலேயே நின்று, "அக்கா, அவன் இருக்கானா?" என்று கூச்சத்தோடு கேட்பவன் கூட்டாளி.

"அடிபட்டதுலயும் ஒரு நல்லது. மரியாதை கத்துக்கிட்டான்," என்று அம்மா பூரித்தாள்.

தழும்பைத் துடைத்துவிடும்போது அவள் விரல் தானாகத் தேடியது. குழந்தையில் கதவு நிலையில் இடித்துக்கொண்டதிலிருந்து அவன் இடப்பக்க நெற்றி எலும்பில் ஒரு குழி உண்டு. ஒரு பயறு உட்காரும் அளவுக்கு. இப்போது இல்லை. வழவழவென்றிருந்தது. பிறகு ஒரு மதியம், வீட்டுக்குப் பின்னால் ரயில் போக, அலமாரியில் பாத்திரங்கள் கிலுகிலுக்க, மருந்து வாடையும் வியர்வை வாடையுமாகத் தூங்கிக்கொண்டிருந்த அவன் தலையருகே குனிந்தவளுக்கு, தழும்புக்குள்ளேயிருந்து, சிமெண்ட் தரையில் சின்னச் சக்கரங்கள் உருள்வதுபோல ஒரு சத்தம் மெல்லத் தொடங்கி, சரிவில் இறங்குவதுபோல வேகமெடுத்து, எதிலோ மோதி, நின்றது.

அதையும் அவள் விழுங்கியிருப்பாள். ஆனால் நேற்று கூட்டாளியின் அம்மா வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. என் புள்ளையப் புதைச்ச இடத்துக்குத் தினமும் போறேன். ரயில் போறப்பல்லாம் மண்ணுக்குள்ளேர்ந்து கூப்பிடுறான். என்னைய இல்ல. 'பட்டதாரி, ஏய் பட்டதாரி'ங்கிறான். யாரும்மா அது?"

விடிந்ததும் தம்பியை இங்கே கிளப்பி வந்தவள், இப்போது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லி முடித்தாள்.

"நல்லா இருக்கிறவனைத் திரும்ப அறுக்கச் சொல்றியா?" டாக்டர் இப்போதுதான் நிமிர்ந்தார். "எலும்புக்குள்ள ஆளா குடியிருக்கு? படிச்ச பொண்ணு மாதிரி பேசும்மா."

"மன்னிச்சிருங்க டாக்டர்," என்றாள் அம்மா. "நாலு எழுத்து படிச்ச கொழுப்பு."

"அந்த நாலு எழுத்து தெரிஞ்சதாலதான் கேக்கறேன். எலும்பு வெச்சிருந்த டப்பா மேல ஒட்டியிருந்த பேரை யாராவது படிச்சுப் பாத்தீங்களா?"

டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலும் ரயில் பாதை. ஜன்னல் கண்ணாடி முதலில் அதிர்ந்தது. பிறகு தட்டிலிருந்த கத்தரிக்கோல்.

சக்கரம்.

உள்ளே.

வேகமாக. இன்னும் வேகமாக.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அம்மா அவள் மணிக்கட்டை விடாமலே, மற்றக் கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் கேட்கவில்லை.

மோதல்.

தம்பியின் கால்கள் ஆடாமல் நின்றன. நிமிர்ந்து பார்த்தான். தம்பியின் கண். தம்பியின் உதடு.

"அக்கா, திறக்கச் சொல்லாதீங்க. அங்க இருட்டு. மூச்சு முட்டும். அவன் அங்கயே இருக்கட்டும். நான் திரும்பப் போகமாட்டேன்."

"பாரு, புள்ளயப் பயமுறுத்திட்ட," என்றாள் அம்மா.

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் நெற்றியின் இடப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினான். மூடியை யாரோ பிடுங்க வருவதுபோல. விரல் வெளுக்கும்வரை. ஆறிப்போயிருந்த தழும்பிலிருந்து, விரலிடுக்கு வழியே, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்கியது. அழுத்துவதை அவன் நிறுத்தவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான், மரியாதையாக.

அவள் அம்மாவின் நகங்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். பூட்டைத் திருகினாள். மண்வெட்டி நேற்றே, வெளியே நிற்கும் அவள் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் ஏறியிருந்தது.

"எங்கடி போற?"

"உன் புள்ளையக் கூட்டிட்டு வர," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.